எல்லைப்புறத்துக் கோமான் ஜார்ஜ் டன்பாரைத் துரோகி என்று எழுதலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் மாதத்துக்கு ஒருவர் ஒரு வரலாற்று மாந்தரைப் பற்றிக் கட்டுரை படிப்பது வழக்கம். வருகிற மாதம் என் முறை. ஸ்காட்லாந்தின் இடைக்காலப் பிரபுக்களில் ஒருவரான ஜார்ஜ் டன்பாரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய பட்டம் ‘மார்ச் ஏர்ல்’. இந்த ‘மார்ச்’ மாதத்தின் பெயரன்று. எல்லைப்புறம் என்று பொருள்படும் பழஞ்சொல். தோட்டத்தின் ஒரு வரப்பு கேரளத்திலும் மறு வரப்பு தமிழ்நாட்டிலும் கிடக்கிற எனக்கு, எல்லைப்புறத்தையே பட்டமாகச் சூடிய ஒருவரைப் பற்றிப் படித்தபின் அவரை விட்டு நகர மனம் வரவில்லை.

நான் படித்த வரையில் அவருடைய வாழ்க்கை இதுதான். 1338-ஐ ஒட்டிப் பிறந்தவர். 1368-ல் ஏர்ல் பட்டம் ஏற்றவர். 1388-ல் ஆட்டர்பர்ன் போரில் ஸ்காட்லாந்துப் படையோடு நின்று ஆங்கிலேயரைத் தோற்கடித்தார். அந்தப் போரில் டக்ளஸ் ஏர்ல் மாண்டுபோக, எஞ்சிய படையை ஊர் கொண்டுவந்து சேர்த்தவர் இவர். 1395-ல் தம் மகள் எலிசபெத்தைப் பட்டத்து இளவரசர் டேவிடுக்கு மணம்பேசிப் பெருந்தொகையும் கொடுத்தார். 1400-ல் டேவிட் அந்தப் பெண்ணைக் கைவிட்டு, ‘கடுமுகத்தார்’ என்று பெயர்பெற்ற ஆர்ச்சிபால்டு டக்ளஸின் மகளை மணந்துகொண்டார். கொதித்துப்போன டன்பார் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றியிடம் போய்ச் சேர்ந்தார். 1402-ல் ஹோமில்டன் குன்றில் தம் சொந்த நாட்டுப் படை அழிவதற்கு வழிசொன்னார். 1403-ல் ஷ்ரூஸ்பரியில் ஹென்றியின் அரியணையையே காப்பாற்றிக் கொடுத்தார். 1409-ல் ஒன்றும் நடவாதது போலத் தாயகம் திரும்பி, 1420-ல் தம் முதுமையில் இறந்தார்.

உப்புச் சர்க்கரை மாற்றிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் பேச்சு மாறினால் எங்கள் பக்கத்தில் இரண்டு தலைமுறைக்குப் பகை நிற்கும். அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அதற்காக ஒருவர் எதிரி நாட்டு மன்னனுக்கு வாளேந்துவாரா? கட்டுரையில் அவரைத் துரோகி என்று எழுதலாமா, கூடாதா என்பதில் மூன்று வாரமாகத் தடுமாறுகிறேன். விவரம் அறிந்தவர்கள் கருத்துக் கூறினால் நன்றியுடையவனாவேன்.

செங்கோட்டை வாசகன் எழுதியது:

ஐயா, துரோகி என்ற சொல்லைக் கையில் எடுக்கும் முன் அந்தக் குடும்பத்தின் முந்தைய கதையைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். டன்பார் வம்சத்தின் மூதாதையான காஸ்பாட்ரிக் இங்கிலாந்தின் நார்தம்பிரியாவுக்கு ஏர்லாக இருந்தவர். இங்கிலாந்து மன்னர் வெற்றி வீரன் வில்லியம் அவரை விலக்கியதும் 1072-ஐ ஒட்டி ஸ்காட்லாந்துக்கு வந்தார்; மன்னர் மூன்றாம் மால்கம் அவருக்கு டன்பாரையும் சுற்றியுள்ள நிலங்களையும் வழங்கினார். அந்தக் குடும்பம் எல்லையைத் தாண்டி வந்து குடியேறிய குடும்பம் என்பதோடு, பின்னர் நெடுங்காலம் நார்தம்பர்லாந்தில் பீன்லி என்ற நிலத்தையும் வைத்திருந்தது. வடக்கே உள்ள நிலத்துக்கு ஸ்காட்லாந்து மன்னர், தெற்கே உள்ள நிலத்துக்கு இங்கிலாந்து மன்னர் என்று இரு தலைவர்களுக்குக் கைகூப்பிய வீடு அது.

இதன் விளைவு ஒவ்வொரு தலைமுறையிலும் தெரிகிறது. 1296-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு படையெடுத்தபோது அன்றைய டன்பார் ஏர்ல் எட்வர்டின் பக்கம் இருந்தார். அவருடைய மனைவியோ கணவர் இல்லாத வேளையில் கோட்டைக் கதவைத் திறந்து ஸ்காட்லாந்துப் படையை உள்ளே விட்டாள். 1314-ல் பானக்பர்னில் தோற்று ஓடிவந்த இரண்டாம் எட்வர்டை டன்பார் கோட்டைக்குள் ஏற்றுப் படகில் அனுப்பிவைத்தவர் அடுத்த ஏர்லான பாட்ரிக். அதே பாட்ரிக் பிறகு ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸிடம் போய்ச் சேர்ந்தார். 1333-ல் ஹாலிடன் குன்றுத் தோல்விக்குப் பின் மூன்றாம் எட்வர்டுக்குப் பணிந்தார். மறு ஆண்டே மறுபடியும் திரும்பினார். இவ்வளவையும் செய்தவரின் மனைவிதான் 1338-ல் ஐந்து மாத முற்றுகையைத் தாங்கிய ‘கறுப்பு ஆக்னஸ்’. ஆங்கிலேயர் கவண்பொறியால் எறிந்த கற்கள் மதிலில் பட்ட இடத்தைத் தன் தோழிப் பெண்களை விட்டுக் கைக்குட்டையால் துடைக்கச் சொன்னாள் என்பது அவளைப் பற்றிய கதை. நம் ஜார்ஜின் தாய் இசபெல்லா இந்த ஆக்னஸின் உடன்பிறந்தவள். அந்த முற்றுகை நடந்த ஆண்டை ஒட்டித்தான் ஜார்ஜும் பிறந்திருக்கிறார்.

ஆகவே 1400-ல் அவர் செய்தது அந்த மண்ணில் இதற்கு முன் யாரும் செய்யாத ஒன்று அல்ல. இன்று நாம் நாட்டுப்பற்று என்று சொல்வது அந்தக் காலத்தில் பெரும்பாலும் தலைவனுக்கும் பணிந்தவனுக்கும் இடையிலான ஒப்பந்தப் பற்றாகவே இருந்தது. பணிந்தவன் படை தருவான். தலைவன் காப்பும் நீதியும் தருவான். தலைவன் நீதி மறுத்தால் கட்டு அவிழ்ந்துவிட்டது என்று பிரபுக்கள் வாதிடுவார்கள். டன்பார் 1400 ஜூலையில் ஹென்றியோடு முறிச்சீட்டுப் போல ஓர் உடன்படிக்கையே எழுதி, மன்னர் மூன்றாம் ராபர்ட்டுக்குத் தாம் கட்டுப்பட்டவர் அல்லர் என்று வெளிப்படையாக அறிவித்த பின்னரே பக்கம் மாறினார். இரவோடு இரவாகக் கோட்டையை விற்றவன் கதை இது இல்லை.

அந்தத் திருமணத்தின் எடையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். மூன்றாம் ராபர்ட் உடல் நலிந்த மன்னர். 1399 முதல் அவருடைய பெயரால் ஆட்சி நடத்தியவர் மகன் டேவிட். ஸ்காட்லாந்தில் டியூக் பட்டம் பெற்ற முதல் இருவரில் ஒருவர் அவர். 1398-ல் ராத்சே டியூக் ஆனார். அவருடைய மாமனார் ஆவது என்பது வருங்கால அரசியின் தந்தையாவது. தெற்கு எல்லையில் டக்ளஸ் குடும்பமும் டன்பார் குடும்பமும் தோளுரசி நின்ற காலம் அது. 1384-ல் லாக்மேபன் கோட்டையை இரு குடும்பத்தாரும் சேர்ந்தேதான் மீட்டார்கள். அந்தச் சமநிலையை ஒரே ஒரு திருமணம் முறித்தது. டன்பார் இங்கிலாந்துக்குப் பேச்சுக்குப் போயிருந்தபோது, கோட்டைப் பொறுப்பில் விட்டுச்சென்ற தம் சகோதரியின் மகன் மெயிட்லண்டே அதை டக்ளஸ் வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டார். மகள் வாழ்வும் போய், கொடுத்த பணமும் போய், வீடும் போன ஒருவரைத்தான் நாம் எடைபோடுகிறோம்.

நகரி ஆசிரியை எழுதியது:

செங்கோட்டை அண்ணா எழுதியதில் உள்ள விவரங்களை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவை. கோமானுக்கும் மன்னனுக்கும் இடையிலான ஒப்பந்தம் முறிந்தது என்றால், கோமானுக்கும் அவருக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பணிந்தவனுக்குக் காப்புத் தருவது தலைவன் கடமை என்றால், அந்தக் கடமை டன்பாருக்கும் இருந்தது.

ஹெப்பர்ன் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டன்பாருக்கு மேற்கே டைன் ஆற்றங்கரையில் ஹெய்ல்ஸ் கோட்டை இருக்கிறது. ஹெப்பர்ன்கள் அதை மார்ச் ஏர்லின் கீழ்தான் வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக டன்பார் கொடிக்குக் கீழே போருக்குப் போன வீடு. ஏர்ல் பக்கம் மாறியபோது அவர்கள் அவரைப் பின்பற்றவில்லை. டன்பாரோ பகைவர் தளபதி ஹென்றி பெர்சியோடு, அதாவது ஹாட்ஸ்பர் என்று அழைக்கப்பட்டவரோடு, சேர்ந்து வந்து அதே ஹெய்ல்ஸைத் தாக்கினார். சுற்றியிருந்த ஊர்கள் தீக்கிரையாயின. 1402 ஜூனில் நெஸ்பிட் மூரில் நடந்த மோதலில் இளைய பாட்ரிக் ஹெப்பர்ன் கொல்லப்பட்டார். கொன்ற படையை நடத்தியவர்களில் டன்பாரின் மகனும் ஒருவர். எரிந்த களஞ்சியங்கள் அவருக்கே முந்தின ஆண்டுவரை வாரம் அளந்த களஞ்சியங்கள்.

இவற்றை நமக்குச் சொல்பவர்களில் முக்கியமானவர் வால்டர் பவர் என்ற மடாதிபதி. அவர் 1385-ல் ஹாடிங்டனில் பிறந்தவர். ஹெய்ல்ஸிலிருந்து நடந்துபோகும் தொலைவுதான். அந்தப் படையெடுப்புகள் நடந்தபோது பதினைந்து, பதினாறு வயதுப் பையன். ஆகவே அவர் எழுதியதை ஏதோ தொலைவிலிருந்து கேட்டெழுதிய குறிப்பாக நான் படிப்பதில்லை. புகையைப் பார்த்த ஊர்க்காரரின் எழுத்தாகவே படிக்கிறேன்.

அவருடைய போர்த்திறமையை நான் மறைக்கப்போவதில்லை. 1402 செப்டம்பர் 14 அன்று ஹோமில்டன் குன்றில் ஸ்காட்லாந்துப் படை மேட்டில் நின்றது. ஹாட்ஸ்பர் குதிரைப்படையோடு நேரே ஏறப் பரபரத்தார். அவரைத் தடுத்து, வில்லாளிகளை முன்னே நிறுத்தி அம்பாலேயே அந்தக் கூட்டத்தைக் கலையுங்கள் என்று சொன்னவர் டன்பார். தம் நாட்டு ஈட்டிப்படை நெருக்கி நிற்கும், நெருக்கி நிற்பது அம்புக்கு எளிய இலக்கு என்பது, அந்தப் படையைப் பல்லாண்டுகள் நடத்தியவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆங்கிலேய வாள்வீரர்கள் கைகலக்கும் முன்பே போர் முடிந்தது. கடுமுகத்தாரின் மகனான நான்காவது டக்ளஸ் ஏர்ல் ஒரு கண்ணை இழந்து சிறைப்பட்டார். மன்னர் மூன்றாம் ராபர்ட்டின் தம்பியான ஆல்பனி டியூக்கின் மகன் முர்டாக்கும் பிடிபட்டார். எந்த அறிவு அந்த மக்களைக் காக்கப் பயன்பட வேண்டுமோ அதே அறிவு அவர்களைக் கொல்லப் பயன்பட்டது. இதைத் துரோகம் என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஹெப்பர்ன் குடும்பத்தைப் பற்றி ஆசிரியை அம்மா எழுதியது என் கட்டுரையில் கட்டாயம் இடம்பெறும். நான் பிரபுக்களின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போதுதான் உணர்கிறேன். இன்னொரு சிறு கேள்வி: டன்பார் ஹென்றிக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது என்று ஓரிடத்தில் படித்தேன். அதில் என்னதான் எழுதியிருக்கிறது? அவருடைய வாயாலேயே கேட்டால் ஒரு தெளிவு பிறக்கும் அல்லவா?

பாறசாலை மாணவன் எழுதியது:

ஐயா, கடிதம் இருக்கிறது. நான் அதன் வாசகத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். நாள் பிப்ரவரி 18, ஆண்டு 1400, இடம் டன்பார் கோட்டை. திருமண முறிவுச் செய்தியின் சூடு ஆறுவதற்குள் எழுதியது.

முதல் செய்தி முறையீடு. ராத்சே டியூக் என் மகளை மணந்தவர். தம் கடிதத்தாலும் முத்திரையாலும் எனக்குத் தந்த உறுதிக்கும் திருச்சபைச் சட்டத்துக்கும் மாறாக இப்போது வேறொருத்தியை மணக்கிறார் என்கிறார். கவனியுங்கள்: ‘நிச்சயிக்கப்பட்டவர்’ என்று எழுதவில்லை, ‘மணந்தவர்’ என்றே எழுதுகிறார். அவர் பார்வையில் நடந்தது பேச்சு மாறியது அன்று. மகளை வாழாவெட்டி ஆக்கியது. பணத்தைப் பற்றிப் புலம்பவில்லை. முத்திரை என்ற சொல்லில்தான் அவருடைய கோபம் முழுவதும் நிற்கிறது.

அடுத்தது உறவுமுறை. உங்கள் பாட்டி ஆலிஸ் பூமாண்டும் என் பாட்டி மார்ஜரி காமினும் உடன்பிறந்தவர்கள், எனவே நான் உங்களுக்கு நான்காம் தலைமுறை உறவு என்று எழுதுகிறார். ஹென்றியின் தாய் பிளான்ச், பிளான்சின் தாய் இசபெல், இசபெலின் தாய் ஆலிஸ் என்று எண்ணிப் பார்த்தால், ஆலிஸ் ஹென்றிக்குப் பாட்டி அல்லர், கொள்ளுப்பாட்டி. அதைப் பாட்டி என்றே எழுதி ஒரு படி நெருக்கிவிட்டார். இக்கட்டில் இருப்பவர் தாய்வழி உறவைத் தேடிப்பிடித்து, அதையும் ஒரு படி கிட்டே இழுத்துச் சொல்வதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அறுபதைக் கடந்த, இரண்டு கோட்டைகளுக்கு உரிய ஒரு கோமான் அப்படி எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கடிதத்தின் முடிவில், நான் ஆங்கிலத்தில் எழுதுவதைக் கண்டு வியக்க வேண்டாம், இலத்தீனையும் பிரெஞ்சையும் விட அதுவே என் அறிவுக்குத் தெளிவாக இருக்கிறது என்று மன்னரிடம் சொல்கிறார். அக்காலத்தில் மன்னருக்கு எழுதுவதென்றால் பிரெஞ்சிலோ இலத்தீனிலோ எழுதுவார்கள். எழுத்தர்கள் அதற்கென்றே இருந்தார்கள். அவர் எழுதிய ஆங்கிலமோ எல்லையின் இருபுறமும் மக்கள் பேசிய வடபுலத்துப் பேச்சு. பிற்காலத்தில் ஸ்காட்ஸ் மொழி என்று பெயர் பெற்றது. எங்கள் வீட்டு நிலத்தின் ஆதாரம் மலையாளத்தில் இருக்கிறது. பாட்டனார் அதன் பின்பக்கத்தில் எல்லைக்கற்களின் குறிப்பைப் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். தகராறு வந்த நாளில் பெரியவர்கள் பிரித்துப் பார்த்தது அந்தப் பென்சில் எழுத்தைத்தான். டன்பாரின் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். உயிர்போகும் காரியத்தில் மனிதன் தனக்குத் தெளிவான மொழிக்கே போகிறான்.

ஆசிரியை அக்காவுக்கு ஒரு பணிவான பதில். ஹெப்பர்ன்களுக்கு அவர் இழைத்தது அநீதி என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைத் துரோகம் என்று பெயரிட்டால் அதே சொல்லை டேவிடுக்கும் டக்ளஸுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். ஹோமில்டனில் கண்ணை இழந்த அதே டக்ளஸ் ஏர்ல், மறு ஆண்டு 1403 ஜூலை 21 அன்று ஷ்ரூஸ்பரியில், தம்மைச் சிறைபிடித்த ஹாட்ஸ்பரோடே தோழமை பூண்டு ஹென்றிக்கு எதிராக நின்றார். எதிர்ப்பக்கத்தில் மன்னரோடு நின்றவர் டன்பார். கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆள் சேருவதற்குள் விரைந்து தாக்குங்கள் என்று ஹென்றியைத் தூண்டியதும், மன்னரை அவருடைய கொடியின் அடியிலிருந்து விலகி நிற்கச் சொன்னதும் அவர்தான். கொடியைக் காத்த வால்டர் பிளவுண்ட் கொல்லப்பட்டார், மன்னர் பிழைத்தார், ஹாட்ஸ்பர் மாண்டார், டக்ளஸ் மறுபடி பிடிபட்டார். இரு ஸ்காட்லாந்துக் கோமான்கள் ஓர் ஆங்கில உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்று தங்கள் ஊர்ப் பகையைத் தீர்த்துக்கொண்டார்கள். இதில் நாடு எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நகரி ஆசிரியை எழுதியது:

தம்பி, நாடு எங்கே என்று நீங்கள் கேட்பது நல்ல கேள்வி. என் பதில், நாடு அந்த ஹெய்ல்ஸ் வயல்களில் இருந்தது என்பதுதான். ஆயினும் கடிதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், அவரை வஞ்சகர் என்று நினைத்திருந்த என் எண்ணம் மாறிவிட்டது. செய்த செயலுக்குப் பெயர் துரோகமே; செய்தவர் நெஞ்சில் வஞ்சம் இல்லை. கட்டுரையில் இவ்விரண்டையும் பிரித்து எழுத இடமிருக்கிறது ஐயா.

செங்கோட்டை வாசகன் எழுதியது:

ஆசிரியை அம்மா பிரித்துக் காட்டியது சரியே. நானும் அதற்கு இணங்குகிறேன். கட்டுரைக்கு உதவும் என்பதால் அவர் திரும்பிய கதையையும் அதன் பின்விளைவையும் மட்டும் சேர்த்துவிடுகிறேன். ‘ஒன்றும் நடவாதது போல’ என்று ஐயா எழுதியது பொருந்தாது.

பெண்ணை மறுத்த டேவிட் 1402 மார்ச்சிலேயே, தம் சிற்றப்பா ஆல்பனி டியூக்கின் காவலில், ஃபாக்லண்டில் இறந்துபோனார். பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஊர் பேசிற்று. அதன்பின் அதிகாரம் ஆல்பனியின் கையில் இருந்தது. 1409-ல் டன்பார் திரும்புவதற்கு ஆல்பனி இசைந்தபோது டக்ளஸ் கேட்ட விலை அனன்டேல் பகுதியும் லாக்மேபன் கோட்டையும். 1384-ல் தாமே முன்நின்று மீட்ட கோட்டையை எழுபதைக் கடந்த வயதில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் டன்பார் வீட்டுக்குள் அவர் கால்வைத்தார். ஒன்பது ஆண்டுகள் அந்நிய மன்னரின் உதவித்தொகையில் வாழ்ந்தவருக்குப் பேரம் பேச வேறு என்ன இருந்தது?

அதோடும் தீரவில்லை. அவருக்குப் பின் பட்டம் ஏற்ற மகனின் பெயரும் ஜார்ஜ். 1435 ஜனவரியில் பெர்த் நகரில் கூடிய பாராளுமன்றத்தில் மன்னர் முதலாம் ஜேம்ஸ், ஆல்பனிக்கு அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க அதிகாரமே இருக்கவில்லை என்று வாதாடி, மகனிடமிருந்து மார்ச் ஏர்ல் பட்டத்தையும் நிலங்களையும் பறித்தார். தந்தை 1400-ல் செய்ததே காரணமாகக் காட்டப்பட்டது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைக் கேட்டதும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பெருங்குடும்பங்களை ஒடுக்கியது நினைவுக்கு வரும். அங்கே வாள் செய்ததை இங்கே சட்ட வாசகம் செய்தது என்பதுதான் வேறுபாடு; அரசர் தம் கை வலுத்ததும் பெருங்குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சாய்ப்பது இரண்டிடத்திலும் நடந்திருக்கிறது. காஸ்பாட்ரிக் தொடங்கி ஏறத்தாழ முந்நூற்று அறுபது ஆண்டுகள் அந்த எல்லையைக் கையில் வைத்திருந்த வீடு அன்றோடு எல்லையை இழந்தது.

கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியது:

‘ஒன்றும் நடவாதது போல’ என்ற தொடரை அடித்துவிட்டேன். பெர்த் பாராளுமன்றத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாமல் இருந்தது, மிக்க நன்றி. தலைப்பில் துரோகி என்ற சொல்லை வைக்கப்போவதில்லை. கட்டுரையை ஹெய்ல்ஸ் கோட்டையில் தொடங்கி, நடுவில் அந்தக் கடிதத்தை முழுமையாகத் தமிழில் பெயர்த்துப் படித்துக் காட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். பாறசாலைத் தம்பி, பெயர்ப்பை அனுப்பிவைக்கிறேன். பாட்டிமார் உறவு வரும் வரியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள்.